ஆக்சாலிபிளாட்டினும் என் பத்து விரலும்

கீமோ என்றால் முடி கொட்டும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொட்டவில்லை. கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். அதனாலேயே கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்கு வந்தது கேன்சரே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். "முடி அப்டியே கீது. டாக்டருங்கோ இன்னாத்தையோ சொல்லி ஏமாத்துறாங்கோ" என்று எதிர் வீட்டுக்காரி என் காதில் விழும்படியே சொன்னாள். உனக்காக மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்கட்டுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடியைக் கொட்ட வைப்பது ஒரு மருந்து. எனக்குப் போட்டது வேறு மருந்து. அதன் பெயர் ஆக்சாலிபிளாட்டின். அது முடியைத் தொடாது. கையைத் தொடும். இதை ஒருவர்கூட எனக்குப் புரியும்படி முன்னாடியே சொல்லவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இனிமேல் இந்த மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் படிக்கட்டும். வீட்டு ஆட்கள் கண்டிப்பாகப் படிக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இட்லி மாவு விற்கிறவள். கள்ளிக்குப்பத்தில் வீட்டு முன் அறைதான் கடை. கொரட்டூர் வரைக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு வாடிக்கையாகப் போகிறது. என் வீட்டுக்காரர் ஏழுமலை அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள்.

மாவு வேலை என்பது குளிர்ந்த வேலை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. உளுந்து ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். கல் சூடேறினால் உளுந்து காணாது, மாவு உப்பி வராது. அரிசி மாவையும் உளுந்து மாவையும் ஒன்றாகக் கொட்டி, உப்பு போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டு அணைத்துக் கலக்க வேண்டும். கரண்டியால் கலக்கினால் பொங்காது. இதற்கு விஞ்ஞானம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். பொங்காது, அவ்வளவுதான். மாவு சரியா இல்லையா என்று என் கைக்குத்தான் தெரியும். என் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கை போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புகூட முடிக்காதவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நோய் வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. பக்கத்து கிளினிக் டாக்டர், மூல நோய் என்றார். களிம்பு கொடுத்தார். மறுபடி போனேன். மறுபடி களிம்பு. ஒரு முறைகூடப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை அந்த மனுஷன். எடை இறங்கி, படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, நானே நகரத்துக்குள் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்பக்கமாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் செய்து அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகள் சிலவற்றிலும் நோய் பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயாவது ஒளிந்திருப்பதைக் கொல்லத்தான் கீமோ. பன்னிரண்டு தவணை. இரண்டு வாரத்துக்கு ஒன்று.

செலவைப் பற்றி இரண்டே வரி. மருந்து அரசாங்கக் காப்பீட்டில் போய்விட்டது. ஆட்டோவுக்கும் வெளி ஸ்கேனுக்கும் ஒரு கிரைண்டரை விற்றோம்.

கீமோ வார்டு என்றால் நான் கட்டில்களை நினைத்திருந்தேன். இருந்தவை சாயும் நாற்காலிகள். அலுவலகம் மாதிரி வரிசையாக உட்கார வைத்து ஏற்றுகிறார்கள். வலது மார்புக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி பதித்திருந்தார்கள். போர்ட் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் நரம்பு தேட வேண்டாம், அதிலேயே ஊசி குத்திவிடலாம். முதலில் வாந்தி வராமல் இருக்க ஊசி. பிறகு குளுக்கோஸில் கலந்த ஆக்சாலிபிளாட்டின். அது உப்புத் தண்ணீரோடு சேராதாம். அது முடிந்ததும் இன்னொரு மருந்தை ஒரு பாட்டிலில் அடைத்து இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். அது சொட்டுச் சொட்டாக இரண்டு நாள் வீட்டிலேயே இறங்கும்.

அங்கே சிஸ்டர் ஒருத்தர் செய்யக்கூடாதவற்றை எல்லாம் சொன்னார். காய்ச்சல் வந்தால் வரணும், பச்சைக் காய் வேண்டாம், வெளிச் சாப்பாடு வேண்டாம், கூட்டத்துக்குப் போகாதீங்க, ஜில்லுன்னு எதுவும் வேண்டாம், வாய் கொப்புளிங்க, மாத்திரையை மறக்காதீங்க. ஒரே மூச்சில். வாந்தி ஊசியில் எனக்கு அரைத் தூக்கம். ஏழுமலை மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். சொன்னேனே என்று சிஸ்டர் பிறகு கேட்டார். சொன்னார், மறுக்கவில்லை. யார் காதில் விழுந்தது?

வீட்டுக்கு வந்தபோது கத்திரி வெயில். என் நாத்தனார் தேசம்மா திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கீமோ என்றால் உடம்பு கொதிக்கும், உள்ளே எல்லாம் வெந்துபோகும், அதனால் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் மட்டுமா? தெரு முழுக்க அந்தக் கட்சிதான். அம்மை போட்டால் என்ன செய்வார்களோ அதையே எனக்கும் செய்யத் தயாராக இருந்தார்கள். மாவு வைக்கிற மூன்று ஃபிரிட்ஜில் ஒன்றைத் தேசம்மா காலி செய்து, நுங்கு, இளநீர், மோர், வெந்தயத் தண்ணீர் என்று அடுக்கிவிட்டாள்.

"அண்ணி, இந்தா, மோரு. ரெண்டு மணி நேரமா உள்ள வெச்சிருந்தேன். குடி, உள்ள போனா அப்டியே எறங்கும்."

இறங்கவில்லை. ஒரு வாய் குடித்தேன். தொண்டையை யாரோ உள்ளே இருந்து கையால் பிடித்தது போல இறுகியது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போவதாகவே தெரியவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் கரண்ட் ஷாக். டம்ளரைப் போட்டுவிட்டேன். பேச வாய் திறந்தால் தாடை பிடித்துக்கொண்டது. செத்தேன் என்றே நினைத்தேன். இதற்கா குடலை வெட்டிக்கொண்டோம் என்று கோபம்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான்.

ஏழுமலை வார்டுக்குப் போன் போட்டார். "மேடம், என் சம்சாரத்துக்கு மூச்சு நின்னுகினு கீது" என்று கத்தினார்.

சிஸ்டர் பதறவில்லை. "ஜில்லுன்னு ஏதாவது குடிச்சாங்களா?"

"மோரு மேடம். கொஞ்சமா."

"ஃபிரிட்ஜ்ல வெச்சதா?"

"ஆமா மேடம். உடம்பு சூடுன்னு…"

"வெதுவெதுப்பா தண்ணி குடுங்க. கழுத்துல துணி சுத்துங்க. உட்கார வைங்க. மூச்சு நின்னுடாது, அப்படித் தோணும். உதடு வீங்கினாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, தண்ணி குடிச்சும் சரியாகலன்னாலோ உடனே பக்கத்துல எமர்ஜென்சிக்குப் போங்க."

வெந்நீர் குடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி விட்டது. கால் மணி நேரத்தில் திட்டுகிற அளவுக்குத் தொண்டை வந்துவிட்டது. தேசம்மாவைத் திட்டினேன். அவள் உட்கார்ந்து அழுதாள். "நா இன்னா கண்டேன் அண்ணி, நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றாள். நல்லதுக்குத்தான் செய்தாள், எனக்கும் தெரியும். ஆனாலும் திட்டினேன்.

விஷயம் இதுதான். இந்த மருந்து நரம்பு நுனிகளைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்றின சில நாள்களுக்குக் குளிர்ந்தது எது பட்டாலும் நரம்பு துள்ளும். விரல், உதடு, தொண்டை, பாதம். நம் ஊரில் காய்ச்சலோ அம்மையோ வேறு எது வந்தாலும் அன்போடு கொடுப்பது அத்தனையும் குளிர்ந்த பொருள். அதனால்தான் வீட்டு ஆட்கள் படிக்க வேண்டும் என்றேன். உங்கள் அன்பை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுங்கள்.

அன்றிலிருந்து தேசம்மா அப்படியே மாறிவிட்டாள். மருந்து ஏற்றும் வாரமெல்லாம் வந்து தங்கி வாசலில் உட்கார்ந்துகொள்வாள். யார் என்ன கொண்டுவந்தாலும் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். எதிர் வீட்டுக்காரி கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள்.

"இத்த எங்க வெச்சிருந்த?"

"பானைலதான் தேசம்மா. ஃபிரிட்ஜ்ல இல்ல."

"பானை எங்க கீது?"

"மணல் மேல."

"அப்ப நீயே குடி. எங்க அண்ணிய கொல்ல வந்துக்கினியா?"

நான் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரித்ததும் தையல் போட்ட இடம் இழுத்தது. பரவாயில்லை என்று சிரித்தேன்.

மாவு வேலையை ஏழுமலை எடுத்துக்கொண்டார். கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்வார். என்னால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க முடியாது. ஐஸ் தண்ணீர்ப் பக்கம் போக முடியாது. குழாய்த் தண்ணீரே காலையில் விரலில் ஊசி குத்தும். அவர் பிரஸ்ஸில் இரும்புத் தகடு தள்ளிப் பழகின ஆள். மாவை அதே மாதிரிதான் தள்ளினார்.

"யோவ், அடிக்காத. அணைச்சிக் கலக்கு."

"மாவ இன்னாத்துக்கு அணைக்கணும்? வாய மூடிக்கினு குந்து."

மாவு பொங்கவில்லை. ஒரு நாள் உப்பே போடவில்லை. மறுநாள் இரண்டு தடவை போட்டார். வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் பொறுத்துக்கொண்டார்கள். மனுஷன் ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிலிருந்து பருத்திக் கையுறை கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகும்போது நிற்பவர்கள் பிடிக்கும் இரும்புக் கம்பி ஜில்லென்று இருக்கும். வார்டில் ஏசி சொல்லவே வேண்டாம். குளிரைத் தொடக்கூடாத மருந்தைக் குளிர்பெட்டி மாதிரி ஒரு அறையில் உட்கார வைத்து ஏற்றுகிறார்கள். ஏசியைக் குறையுங்கள் என்று நான் சண்டை போட்டேன். நாலாவது தவணைக்குப் போனபோது ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். சண்டை போட்டால்தான் கிடைக்கும். போடுங்கள்.

கொரட்டூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் எனக்கு நிறைய வாடிக்கை. ஒரு நாள் ஏழுமலை வண்டியில் கொண்டுபோன பாக்கெட் எல்லாம் திரும்பி வந்தது. "வேணான்டாங்கோ" என்றார், அவ்வளவுதான் சொன்னார். கிளறிக் கேட்டதும் சொன்னார். கேன்சர்காரி கை பட்ட மாவு, கீமோ மருந்து வியர்வையில் வரும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று அவர்கள் வாட்ஸப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள்.

கையுறையோடு வண்டியில் ஏறி நேராக அங்கே போனேன். கேட்டில் நின்றேன். எப்போதும் என்னிடம் வாங்குகிற ஒரு மேடம் குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். உங்களுக்கு ரெஸ்ட் வேணும்ல?"

"எனக்கு ரெஸ்ட் வேணும்னு மாவ திருப்பி அனுப்பினீங்களா மேடம்?"

"இல்லக்கா, குழந்தைங்க இருக்காங்க…"

"அந்த மாவுல என் கை படல. தொட்டா எனக்கு ஷாக் அடிக்குது. எங்க ஊட்டுக்காரரு கலந்தது. அதான் ஒழுங்கா பொங்கல. என் கை பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். இது ஒட்டுவாரொட்டி இல்ல. எனக்கு வந்தது உங்க புள்ளைக்கு ஒட்டாது. போய் உங்க வாட்ஸப்புல இத்தயும் போடுங்க."

 கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு ரெண்டு பாக்கெட் குடும்மா" என்றார். கொடுத்தேன். நான் தொட முடியாத மாவைத்தான் நான் தொட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மருந்து ஏற்றின இரண்டு மூன்று நாளைக்கு மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். கழிப்பறையை இரண்டு தடவை கழுவி விடு, துணியைத் தனியாகத் துவை என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள், செய்தோம். அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு தடவை காய்ச்சல் வந்தது. சாயங்காலம் லேசாகக் குளிரெடுத்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கலாம் என்றுதான் நினைத்தேன். தேசம்மா விடவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். வெள்ளை அணுக்கள் தரைமட்டம் என்றார்கள். நோய்க்கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற அணுக்கள் அவை. மருந்து அவற்றையும் சேர்த்துத்தான் கொல்கிறது. வார்டில் படுக்க வைத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் படுத்திருந்தால் ஆள் காலி என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். கீமோ நடக்கும்போது காய்ச்சல் என்றால் வீட்டில் படுக்காதீர்கள். ஓடுங்கள். படுத்திருந்த நாள்களில் தேசம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் குறட்டை விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் புகார் சொன்னார்கள். எனக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் விரலில் குத்தல் வரும், அடுத்த தவணைக்குள் போய்விடும். போகப் போக அது போகவில்லை. குத்தல் மாறி மரப்பாகிவிட்டது. குளிர் படாமலே மரத்திருந்தது. ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. தேசம்மா போட்டுவிடுவாள். பூண்டு உரிக்க முடியவில்லை. பாதத்துக்கு அடியில் எப்போதும் ஒரு துணி ஒட்டியிருப்பது போல. ஒவ்வொரு தவணைக்கு முன்னாலும் வார்டில் கேட்பார்கள்: "வலி இருக்கா?" வலி இல்லை. இல்லை என்பேன். அடுத்த ஆள். மரத்துப்போனது வலிக்குமா? கேள்வியே தப்பு. அவர்களுக்கும் கூட்டம். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் தோசைக்கல்லில் தோசை வார்த்தேன். என்னமோ கருகுகிற வாசனை வந்தது. தோசையைத் திருப்பினேன், தோசை நன்றாகத்தான் இருந்தது. கருகினது என் விரல். கல்லின் ஓரத்தில் விரல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். கேன்சர் என்று சொன்னபோதுகூட இவ்வளவு பயமில்லை. அன்றைக்கு நான் செத்துப்போகலாம் என்று பயந்தேன். இன்றைக்கு உயிரோடு இருந்து ஒன்றுக்கும் உதவாமல் போகலாம் என்று பயந்தேன். எனக்கு இது பெரிய பயம்.

எட்டாவது தவணை முடிந்திருந்தது. ஒன்பதாவதுக்குப் போனபோது நாற்காலியில் உட்காராமல் நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன். இளம் வயசுப் பெண்தான். விரலை நீட்டினேன்.

"வலி இல்ல டாக்டரம்மா. வலி இல்லாததுதான் ப்ராப்ளமே."

அவர் எழுந்தார். அதற்கே பாதி மரியாதை வந்துவிட்டது எனக்கு. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பல் இருக்கிற ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதிர்வதைக் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?" இல்லை. கணுக்காலில் வைத்தார். லேசாக. கை விரலில் வைத்தார். இல்லை. பஞ்சால் தொட்டார். எந்த விரல் என்று கேட்டார். தப்பாகச் சொன்னேன்.

"இந்த ஒரு மருந்தை நிறுத்திடலாம்மா. மத்த மருந்தெல்லாம் பன்னெண்டு வரைக்கும் போகட்டும்."

ஏழுமலை கதவோரம் நின்றிருந்தார். அவருக்கு முகமே மாறிவிட்டது. "பாதில நிறுத்தினா இன்னா மேடம் அர்த்தம்? கோர்ஸ் முடிக்க வேணாமா? துட்டு விஷயம்னா சொல்லுங்கோ, எங்கனா பொரட்டிடலாம்."

எங்கள் பக்கத்தில் டாக்டர் மருந்தை நிறுத்துகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான். கை விரித்துவிட்டார், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழுமலை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்தார். "இந்த மருந்து செய்ய வேண்டியதுல பெரும் பங்கை இதுவரைக்கும் ஏறினதே செஞ்சிருக்கும். இனிமே ஏத்தினா கிடைக்கிறது கொஞ்சம். நரம்புக்குப் போறது நிறைய. சிலருக்கு அது திரும்பவே திரும்பாது."

"எனக்குத் திரும்புமா?" என்று கேட்டேன்.

"நிறைய பேருக்குத் திரும்புது. உத்தரவாதம் தர மாட்டேன். இன்னொண்ணு, நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகும். அதுக்கப்புறம்தான் குறையும். அப்ப பயந்துடாதீங்க."

"நிறுத்தினதால கேன்சர் திரும்பி வந்தா?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன். பன்னெண்டும் போட்டாலும் வராதுன்னு சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லாத டாக்டர். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருந்தா போதும்மே எனக்கு. கை இல்லன்னா நா ஊட்டி வுடறேன்" என்றார்.

"நீ ஊட்டுவ. உப்பு போட்டு ஊட்டுவியா?" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஏழுமலை சிரிக்கவில்லை. நான் சொன்னேன்: "எனக்கு ரெண்டும் வேணும்யா. உசுரும் வேணும், கையும் வேணும். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னு சொல்ல இவங்க யாரு, நீ யாரு? நிறுத்துங்க டாக்டரம்மா."

நிறுத்தினார்கள். மற்ற மருந்தைப் பன்னிரண்டு வரைக்கும் போட்டுக்கொண்டேன். ஒன்றுகூட விடவில்லை.

டாக்டரம்மா சொன்னது போலவே மோசமானது. சோறு பிசைந்தால் சோறா கல்லா என்று தெரியாது. சாவியைப் பூட்டில் விட முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். பாதியில் நிறுத்திவிட்டார்களாம் என்று தெருவில் பேச்சு. எதிர் வீட்டுக்காரி இரக்கமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் சந்தேகப்பட்டதே தேவலை. ஏழுமலை ஒன்றும் கேட்க மாட்டார். காலையில் நான் டீ டம்ளரை எடுக்கும்போது மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று மாதம் என்று டாக்டரம்மா சொன்னது தாண்டியும் ஒரு மாற்றமும் இல்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று எனக்கும் தோன்றியது. வாயைத் திறந்து சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தம். எங்கேயும் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையும் சுத்தம். ஏழுமலை கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நடைமேடையில் நின்றுகொண்டே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பாதி ஜெயித்தோம் என்று நினைத்தேன். இன்னும் பாதி பாக்கி.

அந்தப் பாதி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உளுந்து மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் சுரீர் என்றது. கையை உதறினேன். எறும்பு. சிவப்பு எறும்பு ஒன்று மூட்டைக்குள்ளிருந்து வந்து கடித்துவிட்டது.

ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"யோவ், இங்க வாய்யா" என்று கத்தினேன். பாதி ஷேவிங்கில் நுரையோடு ஓடி வந்தார்.

"இன்னாச்சும்மே?"

"எறும்பு கடிச்சிடுச்சி."

"அதுக்கா இப்டி கத்தற?"

"யோவ், விரல்ல கடிச்சிச்சி. வலிக்குது."

அவர் அப்படியே நின்றார். என் விரலைப் பிடித்துப் பார்த்தார். சிவந்திருந்தது. "நெஜமா வலிக்குதா?" என்றார். வலிக்கிறது என்றேன். அவர் நகத்தால் அடுத்த விரலைக் கிள்ளினார். அதுவும் தெரிந்தது, மங்கலாக. அடுத்தது. அதுவும். பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கிள்ளினார். பத்துக்கும் ஆய் என்றேன். கடைசி இரண்டுக்கு வேண்டுமென்றே சத்தமாகக் கத்தினேன். எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கிள்ளுவது ஏழுமலை, சிரிப்பது நான். அவள் என்ன நினைத்தாளோ, எனக்குக் கவலையில்லை.

முழுதாக வர இன்னும் சில மாதம் ஆனது. ஏழுமலை தடுத்தும் கேட்காமல் ஒரு சாயங்காலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாவு அண்டா முன் உட்கார்ந்தேன். முழங்கை வரை விட்டேன். குளிர்ச்சி தெரிந்தது. வெறும் குளிர்ச்சி. ஷாக் இல்லை. உப்புக் கல் கரைவது தெரிந்தது. அரைபடாத ஒரு குருணை விரலில் தட்டுப்பட்டது. எடுத்து ஏழுமலையிடம் காட்டினேன். "நீ அரைச்சது" என்றேன்.

காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிட்டது. அந்த அடுக்குமாடி மேடம் வண்டியில் வந்து நின்று, எனக்கு வைக்கலையா அக்கா என்றார். நாளைக்கு வாங்க, சீக்கிரம் வாங்க என்றேன்.

கால் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று போனால் தெரிவதில்லை; பத்தடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்க்கிறேன். அது வர இன்னும் நாளாகும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. போகட்டும். காலால் நான் மாவு கலக்கப் போவதில்லை.